பழைய ஆயிலுக்கு ஓர் இடம்: காரைக்குடி வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

காரைக்குடி மாநகராட்சி மேயர், ஆணையர், சிவகங்கை மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், இன்ஜின் ஆயில் தயாரித்து விற்கும் நிறுவனங்கள் ஆகியோரின் கவனத்துக்கு.

காரைக்குடியிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் பைக், கார், டிராக்டர் வைத்திருப்பவர்கள், அவற்றைச் சொந்தக் கையால் சர்வீஸ் செய்துகொள்பவர்கள், சிறு பட்டறை நடத்திப் பிழைப்பவர்கள், வாட்டர் சர்வீஸ் கடைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதுகிறோம். நாங்கள் கேட்பது பெரிய திட்டம் அல்ல. வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைக் கொண்டுபோய் வைக்க ஊருக்குள் ஓர் இடம் வேண்டும். அங்கிருந்து அது முறையான சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். மற்ற கோரிக்கைகளெல்லாம் இதன் கிளைகள்தான்.

வீட்டில் ஆயில் மாற்றுவது எப்படி என்று பட்டறைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதிகாரிகளுக்காகச் சொல்கிறோம். பைக்கை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினால், வாயை வெட்டி வைத்த பழைய கேனில் கருப்பாக இறங்கும். கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து, போல்ட்டை முடுக்கி, புது ஆயிலை ஊற்றி, கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்தால் வண்டி தயார். கேனில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நிற்கிறது. காராக இருந்தால் மூன்று, நான்கு லிட்டர்.

இதை என்ன செய்வது? கொஞ்சம் கேட் கீலுக்குப் போகிறது. கொஞ்சம் வேலிக்காலின் அடியில் கரையானுக்கு. சொறி பிடித்த நாயின் முதுகில் கொஞ்சம். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் சென்ட்ரிங் பலகைக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள். மிச்சம் காலி மனையிலோ வாறுகாலிலோ. பட்டறையில் பேரல் நிறைந்தால் அதை விலைக்கு வாங்க ஆள் வருவார். வீட்டில் தேங்கும் ஒரு லிட்டருக்காக எவரும் வண்டி எடுத்துக்கொண்டு வருவதில்லை. சிக்கல் முழுவதும் இந்த அளவில்தான் இருக்கிறது. ஆயிரம் பைக்குகள் ஆண்டுக்கு இரண்டு முறை ஆயில் மாற்றினால் 2,000 லிட்டர், அதாவது 200 லிட்டர் பேரல் பத்து. ஒரே இடத்தில் சேர்ந்தால் அது சரக்கு. ஆயிரம் வீட்டு வாசலில் சிதறினால் அசுத்தம்.

வாறுகாலில் ஊற்றியது எங்கே போகும் என்று செட்டிநாட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. இந்த ஊர்களை அமைத்தவர்கள் மழைநீர்க் கணக்குத் தெரிந்தவர்கள். ஓட்டுச் சரிவிலிருந்து வளவுக்குள் இறங்கும் நீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக்கொண்டு, மிஞ்சியதை ஊருணிக்குப் போகும்படி வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். இந்தியா 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் படத்தில் அழகாக வரும். ஆனால் இந்த ஊர்களின் அறிவு நீர் ஓடும் வழியில்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் அந்த வழியாகவே இன்று ஆயில் படலம் வண்ணம் காட்டிக்கொண்டு போகிறது. நிலத்தடி நீரும் தப்பாது. காரைக்குடிக்காரர் வெளியூர் போனால் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைச் சொல்லாமல் திரும்புவதில்லை. மேலே விழுவதை உள்ளே விடும் செம்மண் பூமி நம்முடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும். அது வெறும் எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. இன்ஜினுக்குள் தேய்ந்த இரும்பு, செம்பு, அலுமினியத் துகள்கள், எரியாத பெட்ரோல், கரி, ஆயிலோடு கலந்தே வரும் துத்தநாகச் சேர்மானம் எல்லாம் அதில் இருக்கின்றன. நாடு முழுவதும் 2000ஆம் ஆண்டில் ஈயமற்ற பெட்ரோல் வந்தபின் பழைய ஆயிலில் ஈயம் குறைந்தது உண்மை. ஆனால் எரியும்போது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் அப்படியே ஆயிலில் சேர்ந்துகொண்டே போகின்றன. பழைய பெட்ரோல் இன்ஜின் ஆயிலை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவிய ஆய்வுகளில் புற்றுநோய் வந்தது. நாள் முழுக்கக் கை கருப்பாக வேலை செய்யும் மெக்கானிக் பையன்களை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆயில் அழுக்காகிறதே தவிர, அதன் அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை. வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, அழுக்கை நீக்கினால் மறுபடி மசகு எண்ணெயாகும். அதே அமெரிக்க முகமையின் கணக்குப்படி, 42 கேலன் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் மசகு எண்ணெயை ஒரு கேலன் பழைய ஆயிலிலிருந்தே எடுத்துவிடலாம். தேவையான கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு, வாங்கியதை வாறுகாலில் ஊற்றுவது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. நகரத்தார் வட்டிக் கணக்கில் நிச்சயம் சேராது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. எந்த ஆயில் மறுசுத்திகரிப்புக்குத் தகுதியானது என்று ஈயம், ஆர்செனிக் முதலியவற்றின் அளவைக் குறித்தே அந்த விதிகள் சொல்கின்றன. 2023 செப்டம்பரில் அறிவித்து, 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், ஆயிலை உற்பத்தி செய்து விற்பவர்களையும் இறக்குமதி செய்பவர்களையும் பொறுப்பாக்கியது. விற்றதில் ஒரு பங்குக்கு ஈடாகப் பழைய ஆயில் மறுசுழற்சி ஆனதற்கான சான்றிதழை அவர்கள் காட்டியாக வேண்டும். 2024-25இல் 5 விழுக்காட்டில் தொடங்கிய அந்தப் பங்கு, ஆண்டுக்கு ஆண்டு ஏறிப் பாதியை எட்ட வேண்டும். சேகரிப்பு முகவர்களும் மறுசுழற்சி ஆலைகளும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எல்லாம் சரி. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி எங்கள் வாசலில் நிற்கும் கேன். அதை எடுக்க யார் வருவார் என்ற இடத்தில்தான் சங்கிலி அறுந்து கிடக்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. ஒப்படைக்கும் மையம்

வீடுகளில் உண்டாகும் அபாயகரக் குப்பைக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்று உள்ளாட்சிகள் அமைத்து, நேரத்தை அறிவிக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பகுதிகளும் சேர்ந்து எல்லை விரிந்தது. ஒரே மையம் போதாது. புதிய கட்டடம் கேட்கவில்லை. இருக்கிற குப்பைக் கிடங்கிலோ வார்டு அலுவலக வளாகத்திலோ கூரையுள்ள ஒரு மூலை போதும். அதில் மூடியுள்ள பேரல், பேரல் கசிந்தால் தாங்க அடியில் தொட்டி, சல்லடை வைத்த புனல், கொட்டினால் அள்ள ஒரு மூட்டை மரத்தூள், தீயணைப்புக் கருவி.

ஆயிலோடு பெட்ரோல், தின்னர், பிரேக் ஆயில், கூலன்ட் கலந்துவிட்டால் அது மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. அப்படிக் கலந்தவற்றுக்குத் தனிப் பேரல் வேண்டும். ஆயில் ஃபில்டரைக் கவிழ்த்து வடிய வைக்க ஒரு தட்டு வேண்டும். மையம் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும்; வீட்டில் ஆயில் மாற்றுகிறவன் வேலைநாள் பதினொரு மணிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கொண்டு வருபவரிடம் ஆதார் அட்டை, விண்ணப்பம், கையெழுத்து எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த வாரம் கேன் வாறுகாலுக்குத்தான் போகும். பேரல் நிறைந்து வெளியே போகும்போது மட்டும் எத்தனை லிட்டர், எந்தப் பதிவுபெற்ற ஆலைக்கு என்று பலகையில் எழுதிப் போட வேண்டும்.

தேவகோட்டை நகராட்சியும், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பேரூராட்சிகளும் இதில் சேர வேண்டும். கிராமங்களுக்கு மாதம் ஒருமுறை சந்தை நாளில் ஒரு வண்டி வந்து நின்றால் போதும். டிராக்டர்காரர்கள் அதற்கென்று தனியாகக் கிளம்ப மாட்டார்கள். சந்தைக்கு எப்படியும் வருவார்கள்.

2. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்தல்

நீலகிரியில் 2022இல் தொடங்கிய டாஸ்மாக் காலி பாட்டில் திட்டம் தமிழ்நாட்டுக்கே தெரியும். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டில் உடைந்து கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதுப் பேட்டரியின் விலையில் குறைப்பது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். மது பாட்டிலுக்கும் பேட்டரிக்கும் முடிந்தது, ஆயிலுக்கு மட்டும் ஏன் முடியாது?

இன்ஜின் ஆயில் விற்கும் ஒவ்வொரு கடையும் பெட்ரோல் பங்கும், விற்ற அளவு பழைய ஆயிலைத் திருப்பி எடுக்க வேண்டும். அதற்கான முன்பணம் பில்லில் தனியாகத் தெரிய வேண்டும். காலி ஆயில் பாட்டிலையும் சேர்த்து எடுக்கட்டும். மூடியோடு முழுசாக வெளியே போகும் பாட்டில்கள் போலி ஆயில்காரர்களுக்கு முதலீடு ஆகின்றன. வடிகட்டி நிறம் மாற்றிய பழைய ஆயில், பேர்போன பாட்டிலில் புதுசாகத் திரும்பி வந்து இன்ஜினைத் தின்கிறது. இந்தச் செலவு கடைக்காரர் தலையில் விழக் கூடாது. 2023 திருத்தப்படி பொறுப்பு உற்பத்தி நிறுவனங்களுடையது. பேரலும் போக்குவரத்தும் அவர்கள் செலவு. இத்தாலியில் 1984 முதல் நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் கூட்டமைப்பு ஒன்று, நாட்டில் சேகரிக்கக்கூடிய பழைய ஆயிலை அநேகமாக முழுவதும் திரட்டி, பெரும்பகுதியை மறுபடி மசகு எண்ணெயாக்குகிறது. அங்கே முடிந்தது காரைக்குடியின் செக்காலைச் சாலையிலும் முடியும்.

3. மாநகராட்சி முதலில் தன் கையைத் துடைத்துக்கொள்ளட்டும்

இது எங்களுக்கு மிக முக்கியமான கோரிக்கை. அதனால் விரித்துச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் பல உள்ளாட்சிகள் மழைக்காலத்தில் 'ஆயில் பந்து' போடுகின்றன. மரத்தூளைத் துணியில் உருண்டையாகக் கட்டி, பழைய ஆயிலில் ஊறவைத்து, தேங்கிய நீரில் எறிவார்கள். கசியும் ஆயில் படலமாகப் பரவி, மேலே வந்து மூச்சுவிடும் கொசுப் புழுக்களை அடைக்கும். புழு சாவது உண்மை. ஆனால் வீட்டில் யாரும் ஆயிலைக் கொட்டக் கூடாது என்று அறிவிப்பு வைக்கும் நிர்வாகமே, ஆட்களைக் கூட்டி, புகைப்படமும் எடுத்து, அதைக் கால்வாயில் போடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது பெரும்பாலும் டயரிலும் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் நல்ல நீரில். சாக்கடையில் எறிந்த பந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

கொசுப் புழுவுக்கென்றே தயாரித்த எண்ணெய் நாட்டின் மலேரியா ஒழிப்புப் பணிகளில் பயன்பட்டு வந்திருக்கிறது. அதற்கும் பட்டறைப் பேரலில் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. புதுச்சேரியில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம், கொசுப் புழுவை மட்டும் குறிவைக்கும் பி.டி.ஐ. பாக்டீரியா மருந்தை உருவாக்கித் தந்திருக்கிறது. அதைத் தெளியுங்கள். ஊருணி, கண்மாய், அவற்றுக்கு வரத்துள்ள எந்தக் கால்வாயிலும் பழைய ஆயில் கலந்த எதையும் போடுவதில்லை என்று மாமன்றம் தீர்மானம் போட வேண்டும்.

4. கட்டட வேலை

சென்ட்ரிங் பலகையில் பழைய ஆயிலைத் தடவுவது இந்த மாவட்டத்தில் மட்டும் நடப்பதல்ல. கான்கிரீட்டில் கறை விழும், பூச்சு சரியாகப் பிடிக்காது, தடவுகிற தொழிலாளியின் முழங்கை வரை ஏறும். தனியார் வீடுகளில் சொல்லித்தான் மாற்ற முடியும். ஆனால் பொதுப்பணித்துறை, மாநகராட்சி ஒப்பந்த வேலைகளில் இதற்கென்று விற்கும் ஆயிலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

5. கால்நடை மருத்துவமனை

நாய்ச் சொறிக்கும் மாட்டு உண்ணிக்கும் வேஸ்ட் ஆயில் தடவுவது நாட்டு வைத்தியம் என்றே ஆகிவிட்டது. நாய் தன் உடம்பை நக்கும். தடவியது வயிற்றுக்குள் போகும். சொறிக்கும் உண்ணிக்கும் மருந்து இருக்கிறது. அது அரசு கால்நடை மருந்தகங்களில் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்தான் பட்டறை வாசலில் கிண்ணத்தோடு நிற்கிறார்.

6. எரிப்பதும் சாலையில் தெளிப்பதும்

செங்கல் சூளையிலும் தார் கலக்கும் இடத்திலும் பழைய ஆயிலைக் கண்டபடி எரித்தால் அதிலுள்ள உலோகங்கள் புகையோடு வெளியேறும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதைக் கண்காணிக்க வேண்டும். மண் சாலையில் புழுதி அடங்கத் தெளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் டைம்ஸ் பீச் என்ற சிற்றூரில் 1970களின் தொடக்கத்தில் புழுதிக்காகத் தெளித்த கழிவு ஆயிலில் ஒரு ரசாயன ஆலையின் டையாக்சின் கழிவு கலந்திருந்தது. பத்து ஆண்டு கழித்து அது தெரியவந்து, 1983இல் அரசே ஊரை விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. பேரலில் என்ன கலந்திருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது.

7. பட்டறைகளுக்கு நேரம் கொடுங்கள்

சோதனை, அபராதம் என்று தொடங்கினால் முதலில் மாட்டுவது மரத்தடியில் ஸ்பானர் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர்தான். பதிவுபெற்ற சேகரிப்பு முகவர் சிறு பட்டறைகளுக்கும் குறித்த நாளில் வர வேண்டும். எடுத்த அளவுக்கு ரசீதும் சந்தை விலையும் தர வேண்டும். அது நடந்து ஓர் ஆண்டுக்குப் பிறகு அபராதம் பற்றிப் பேசலாம். வாட்டர் சர்வீஸ் கடைகளுக்கு இந்தச் சலுகை வேண்டாம் என்பது எங்களில் பலரின் கருத்து. கழுவும் நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி கட்டாமல் வாறுகாலில் விடும் கடையை, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டாலே கண்டுபிடிக்கலாம். கையுறை, கை கழுவப் பெட்ரோலுக்குப் பதில் முறையான சோப்பு, ஆண்டுக்கொரு தோல் பரிசோதனை இவற்றைத் தொழிலாளர் நல வாரியம் மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க வேண்டும்.

8. அளந்து சொல்லுங்கள்

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்டது. அதன் வாசலைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் போய்வருகிறோம். அந்த நிறுவனமும் அழகப்பா பல்கலைக்கழகமும் சேர்ந்து, மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, ஊருணிகளின் நீரிலும் அடிச்சேற்றிலும் பட்டறைகள் நெருங்கிய தெருக்களின் மண்ணிலும் எண்ணெய், உலோகம், பல்வளைய ஹைட்ரோகார்பன் அளவுகளைப் பார்த்து, தமிழில் வெளியிட வேண்டும். எந்த ஊருணியில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் எதை முதலில் தூர்வாருவது என்று முடிவு செய்ய முடியும்.

நாங்கள் செய்வது

கேட்பதோடு, நாங்கள் ஒப்புக்கொள்பவையும் சில உண்டு. ஆயிலை இறக்க, சேர்த்து வைக்க, உலர்ந்த, இறுக்கமான மூடியுள்ள கேனை மட்டும் பயன்படுத்துவோம். சமையல் எண்ணெய் கேனிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றி வைக்க மாட்டோம். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் ஓடுவது நாங்கள்தான். கேன்மேல் 'பழைய ஆயில்' என்று எழுதி, வெயிலும் அடுப்பும் படாத இடத்தில் வைப்போம். வேறு எதையும் அதில் கலக்க மாட்டோம். தரையில் சிந்தினால் தண்ணீர் விட்டுக் கழுவாமல், மணலோ மரத்தூளோ போட்டு அள்ளுவோம்.

வீட்டுக்குள் மறுபயன் என்று வரும்போது எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. கேட் கீலுக்கு ஒரு சொட்டு விட்டவரை யாரும் பிடித்துப் போக வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. பைக் செயினுக்கு வேண்டாம். ஆயிலில் இருக்கும் உலோகத் துகள் செயினைத் தேய்க்கும். தாத்தா காலத்துப் பர்மா தேக்குக் கதவுக்கும் உத்தரத்துக்கும் கரையானைச் சொல்லிப் பூசுவது வேண்டவே வேண்டாம். மரம் கருத்துப் பிசுக்கேறும், தொட்டவர் கையில் ஒட்டும், தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். ஆத்தங்குடிக் கல்லில் ஒரு துளி சிந்தினால் சிமென்ட் குடித்துவிடும். அப்புறம் எந்த ஆச்சி தேய்த்தாலும் போகாது. செடி வேரில், கிணற்றடியில், தோட்டத்தில் எங்கும் ஊற்றக் கூடாது.

வீட்டில் ஆயில் மாற்றுவதையே தடை செய்துவிடலாம் என்ற யோசனை அதிகாரிகள் தரப்பில் எழக்கூடும். அதை ஏற்க மாட்டோம். சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பார்த்துக்கொள்வது எங்கள் பட்ஜெட்டும் பழக்கமும். தடை வந்தால் ஆயில் மாற்றுவது இரவுக்குப் போகும், அவ்வளவுதான்.

இந்தச் சாசனத்தை மாமன்றத்தின் அடுத்த கூட்டப் பொருளில் சேர்க்கும்படி மேயரைக் கேட்டுக்கொள்கிறோம். முதல் மையம் எந்த வளாகத்தில், எந்த மாதம், எந்தப் பதிவுபெற்ற முகவரின் பொறுப்பில் திறக்கும் என்ற மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். பதில் வரும்வரை கேன்களை வீட்டிலேயே சேர்த்து வைக்கிறோம். அடுத்த பருவமழைக்குள் மையம் திறக்காவிட்டால், மூடிய கேன்களோடு மாநகராட்சி அலுவலகத்துக்கு நேரில் வந்து, ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்டு ஒப்படைப்போம்.